தேத்தண்ணி அக்கா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்

1998 ஜூலை 4, சனி

காலையில் அட்சரகணிதம் ஏழு கணக்கு. நான்கு சரி. மற்ற மூன்றும் ஏன் பிழை என்று புத்தகத்துக்கே தெரியாது போலிருக்கிறது.

சாயங்காலம் ஏழு மணிக்கு நாகலிங்கம் மாமா வீட்டில் புது நாடகம். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவில், வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகளில், டிவி இருப்பது அவர் காம்பராவில் மட்டும்தான். பதினான்கு அங்குலம், கறுப்பு வெள்ளை, கார் பெட்டரியில் ஓடுவது. சார்ஜ் பண்ண அதைக் கஹவத்தை டவுன் வரைக்கும் அவரே தூக்கிப் போய் வருகிறார். அதனால் அவரிடம் டிவியைவிடப் பெட்டரிக்குத்தான் மரியாதை.

கதை இதுதான். ஏதோ ஒரு வெளிநாட்டில் நான்கு திருடர்கள் ஒரு பேங்குக்குள் புகுந்துவிடுகிறார்கள். தப்பி ஓடுவதற்குள் பொலிஸ் சுற்றி வளைத்துவிடுகிறது. உள்ளே பத்தொன்பது பேர் பணயம். பேசுவது இங்கிலிஷ், கீழே ஓடுவது சிங்கள எழுத்து. எங்கள் லயத்தில் எல்லாரும் சிங்களம் பேசுவார்கள், சண்டை பிடிக்கக்கூடத் தெரியும். ஆனால் எழுத்து வாசிக்க வராது. நான் மட்டும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கீழே கிராமத்துச் சிங்களப் பள்ளியில் படித்தவள்.

"ஏ ஜீவா, பின்னுக்கு என்ன பண்றே? முன்னுக்கு வா. எழுத்தப் பாத்துச் சொல்லு" என்றார் மருதாயி அத்தை. கொழுந்து மலையில் அவர் குரல் கொடுத்தால் அடுத்த தோட்டத்திலும் கூடையை இறக்கி வைப்பார்கள். எழுந்து போனேன்.

பத்து வாரம் ஓடுமாம். பத்து வாரமும் எனக்கு முன்வரிசை!

ஜூலை 11, சனி

எழுத்து மூன்று வினாடிதான் நிற்கிறது. வாசித்து, தமிழாக்கி, சத்தமாகச் சொல்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வெளியே நின்று போனில் பேசும் மொட்டைத்தலை பொலிஸ்காரர், 'உங்கள் கோரிக்கையை மேலிடத்துக்கு அறிவிக்க எனக்குச் சற்று அவகாசம் தேவை' என்றார். நான் "இருங்கடா, பெரியவங்கள்ட்ட கேட்டுட்டு வாறேன்" என்று சொன்னேன். பொருள் ஒன்றுதானே?

பேங்கில் வேலை செய்கிறவர்களுக்குத் தள்ளுவண்டியில் தேத்தண்ணி கொண்டுவரும் ஒரு பெண்ணும் பணயத்தில் மாட்டியிருக்கிறாள். குட்டையாக, கொஞ்சம் பருமனாக, எங்கள் அம்மா மாதிரி. அதிகம் பேசுவதில்லை. இன்று துப்பாக்கி பிடித்திருந்தவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள்.

"பாரேன், கொல்ல வந்தவனுக்கும் தேத்தண்ணி ஊத்துறா" என்று மருதாயி அத்தை தொடையில் தட்டினார். "நம்ம ஆளு!"

அதோடு முடிந்தது. இனிமேல் திருடனும் வேண்டாம், பொலிஸும் வேண்டாம். "தேத்தண்ணி அக்கா என்ன சொல்றா? தேத்தண்ணி அக்கா என்ன சொல்றா?" அவள் ஒன்றும் சொல்லவில்லையே, நான் என்ன செய்ய? இரண்டு இடத்தில் நானே ஏதோ சொல்லி வைத்தேன். சின்னதுதான். "சீனி போதுமா" மாதிரி.

ஜூலை 13, திங்கள்

பள்ளிக்கூட பஸ்ஸில் என் தோழி ஜூலியட்டுக்குக் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். பேங்க், துப்பாக்கி, பத்தொன்பது பேர் பணயம். சோதனைச் சாவடியில் ஏறிய ஆமிக்காரர் என் பையைக் கொட்டிப் பார்த்தார். உள்ளே விஞ்ஞானப் புத்தகமும் ரொட்டியும்.

பஸ்ஸில் தமிழில் சத்தமாகச் சொல்லக்கூடாத கதைகள் சில உண்டு. குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 18, சனி

ஐயோ.

தேத்தண்ணி அக்கா செத்துப்போனாள். மூன்றாம் வாரத்திலேயே! யாரும் சுடக்கூட இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், சரிந்தாள். கீழே எழுத்து தெளிவாக ஓடியது: 'இறந்துவிட்டாள்.' இரண்டு பேர் தூக்கிப் பின் அறைக்குக் கொண்டுபோய் வெள்ளைத் துணியால் போர்த்தினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருபது பெண்கள். அம்மா மடியில் தம்பி சுமன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். மருதாயி அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "என்னா போட்டிருக்கு? சொல்லேன்!" என்றார்.

"மயக்கமாம்" என்றேன்.

என் வாயா அது?

"அப்ப ஏன் போத்துறாங்க?"

"குளிருக்கு, அத்தே."

"மொகத்தோடயா?"

"அந்த ஊர்ல குளிர் அப்படி."

மருதாயி அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "பாவம், ஒரு கம்பளியாச்சும் குடுக்கலாம்ல" என்று திருடர்களைத் திட்டினார்.

ஜூலை 19, ஞாயிறு

ஒருத்தி செத்ததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? சமயப் பாடப் புத்தகத்தில் தேடினேன். இந்தக் கேள்வி அதில் இல்லை.

ஜூலை 25, சனி

இன்று பாதியில் பெட்டரி தீர்ந்துவிட்டது. படம் நாலு பக்கமும் சுருங்கி, சுருங்கி, ஒரு புள்ளியாகி, அதுவும் போய்விட்டது. நாகலிங்கம் மாமா டிவியைத் தடவிக் கொடுத்தார். ஒருத்தரும் எழும்பவில்லை.

"மிச்சத்த நீ சொல்லு ஜீவா" என்றார்கள்.

"டிவி நின்னுட்டுது, எனக்கெப்படித் தெரியும்?"

"எழுத்து வாசிக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா?"

சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். தேத்தண்ணி அக்கா பின் அறையில் படுத்தபடியே திருடர்களுக்கு யோசனை சொல்லிக் கொடுக்கிறாள் என்று. படத்தில் அவள் முகம் வராததற்கும் அதுவே காரணமாகிவிட்டது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"கேளுங்கடா. மொதல்ல எதிராளிக்குக் குடிக்கக் குடுங்க. அப்புறம் சின்னதா ஒன்னு கேளுங்க. சின்னதக் குடுத்துப் பழகினவன் பெருசையும் குடுப்பான். கோவப்படாதீங்க. கடைசியா எழுத்துல வாங்குங்க. வாய்ப்பேச்சு மலை இறங்கறதுக்குள்ள மறந்து போயிடும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். உண்மையில் இது நான் போன வருஷம் அப்பாவிடம் அகராதி வாங்கிய வித்தை. முதலில் இஞ்சித் தேத்தண்ணி, பிறகு ஒரு பென்சில், பிறகு அகராதி. "தீபாவளிக்குப் பாப்போம்" என்றவரைக் காலண்டரில் தீபாவளிக்கு நேரே கையெழுத்துப் போட வைத்தேன். அகராதி இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, திங்கள்

காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை வாசித்தாராம். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் எங்கள் பிள்ளைக் காம்பராவை மாத முடிவில் மூடப் போகிறார்கள். ஆயா மரியம்மாவுக்கு ஓய்வு வயதாகிவிட்டது. புது ஆயா கிடையாது. கைப்பிள்ளைகளை எல்லாம் கீழ்ப் பிரிவுக் காம்பராவில் கொண்டுபோய் விட வேண்டுமாம்.

கீழ்ப் பிரிவு இரண்டு மைல். ஆறரைப் பெரட்டுக்கு முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஏறி, கூடை மாட்டி — பத்து மணிக்குப் பால் கொடுக்க மறுபடி இறங்கி, ஏறி — யாரால் முடியும்?

அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். "சுமனுக்கு நடக்க வார வரைக்கும் நீ வீட்ல இரு, என்னம்மா. ஒரு வருசந்தானே. பரீட்ச அடுத்த வருசமும் வரும்."

டிசம்பரில் எனக்குப் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை. எட்டுப் பாடம். ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள் எவள் திரும்பிப் போனாள்? மேல் லயத்துப் பிரேமலதா போனாளா? இப்ப அவ பேரு தோட்டத்து வேலையாள் செக்ரோல்ல இருக்கு, கூட முதுகுல இருக்கு. அம்மா வேலைக்குப் போகாட்டி சோறு ஏது? தம்பி மேல கோவப்படவும் முடியல, அவன் என்னப் பாத்துச் சிரிக்கிறான்.

தேத்தண்ணி அக்கா என்ன செய்வாள் என்று யோசித்தேன். அவள் செத்துப்போனவள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் 8, சனி

இதை எழுதிவிட வேண்டும். இன்று நான் வேண்டுமென்றே செய்தேன்.

படத்தில் திருடர்கள் கேட்டது ஒரு பஸ்ஸும் ஒரு விமானமும். நான் சொன்னது: "விமானம் எல்லாம் வேணாம். இந்த பேங்குல வேல செய்றவங்களோட புள்ளைங்களப் பாத்துக்க ஒரு எடம் வேணும், ஒரு ஆயா வேணும் — அதக் குடுங்க, எல்லாரையும் விட்டுர்றோம்னு தேத்தண்ணி அக்கா சொல்லிட்டா."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். படத்தில் அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய விமானம் வந்து இறங்கியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

பள்ளி விடுமுறை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, மருதாயி அத்தை குடத்தைத் தட்டிக்கொண்டே பேசினார். "மொதல்ல குடிக்கக் குடுக்கணும். அப்புறம் சின்னதா ஒன்னு கேக்கணும்."

சுற்றி நின்றவர்கள், "அப்புறம் எழுத்துல!" என்றார்கள், பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது மாதிரி.

என் குடம் நிரம்பி வழிந்ததை நான் பார்க்கவில்லை. கடவுளே, இவர்கள் எதையாவது செய்து, துரை பொலிஸைக் கூப்பிட்டால்? அகராதி வாங்குகிற வித்தை தோட்டத்துத் துரையிடம் பலிக்குமா?

ஆகஸ்ட் 20, வியாழன்

ஒழுங்காக எழுதுகிறேன்.

சுமனைத் தூக்கிக்கொண்டு மரியம்மா ஆயாவுக்கு உதவிக்குப் போயிருந்தேன். பத்துக்குக் கொஞ்சம் முன்னால் தோட்டத்து மேனேஜர் பெரியதுரைக்கு உதவியாளரான சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கண்டிப் பக்கத்துச் சிங்களவர், மெலிந்தவர், புதுத் தொப்பி. கீழே கொண்டுபோகத் தொட்டில், பாய், பானை எல்லாவற்றையும் கணக்கெடுக்கக் கையில் பட்டியல். உள்ளே வந்து தொட்டிலை எண்ணத் தொடங்கினார்.

பத்து மணிக்குப் பால் கொடுக்கும் நேரம். மலையிலிருந்து தாய்மார் வந்தார்கள். தினமும் வருகிறவர்கள்தான். ஆனால் இன்று உள்ளே வந்து சுவர் ஓரம் உட்காரவில்லை. தங்கள் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார்கள். படியில் நான்கு பேர், கதவு நிலையில் மூன்று பேர், அதற்குப் பின்னால் ஆறு பேர். உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கினார்கள்.

பிள்ளைக் காம்பராவுக்கு ஒரே வாசல்.

சின்னத்துரை திரும்பினார். பார்த்தார். உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சிவந்துவிட்டது.

மருதாயி அத்தைக்குக் கைப்பிள்ளை கிடையாது. அதனால் நாலு வயதுப் பயல் ஒருவனை யாரிடமோ கடன் வாங்கி மடியில் போட்டு, முந்தானையால் மூடி வைத்திருந்தார். அவன் உள்ளேயிருந்து, "விடு, நான் வெளையாடப் போறேன்" என்று கத்தினான். "சும்மா குடிடா!" என்று அத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றார் சின்னத்துரை, சுவரைப் பார்த்துக்கொண்டு, சிங்களத்தில்.

"ஐயோ தொர, நாங்க ஒங்கள மறிக்கலையே" என்றார் மருதாயி அத்தை, அதே சிங்களத்தில், தேன் மாதிரி. "புள்ளைங்க பசியாறுது. முடிஞ்சதும் எந்திரிச்சிருவோம். ஜீவா, தொரைக்குத் தேத்தண்ணி குடு."

மொதல்ல குடிக்கக் குடு. நான் சொன்னதுதான்.

ஊற்றிக் கொடுத்தேன். சுவரைப் பார்த்தபடியே குடித்தார். பதினைந்து நிமிஷம். அரை மணி. பிள்ளைகள் குடித்து முடித்துத் தூங்கிவிட்டன. தாய்மார் அசையவில்லை; சேலையும் அசையவில்லை.

"தொர," என்றார் அத்தை. "ஒரு சின்ன விசயம். இன்னைக்குத் தொட்டிலத் தூக்க வேணாம்."

"சரி, இன்றைக்குத் தூக்கவில்லை."

"அடுத்தது. மரியம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். புது ஆயா வார வரைக்கும் காம்பராவ மூட வேணாம்."

"அது என் கையில் இல்லை. பெரியதுரையிடம் கேட்க வேண்டும்."

"கேளுங்க. கேட்டுட்டு வாற வரைக்கும் புள்ளைங்க குடிக்கும்."

சின்னத்துரை தொப்பியைக் கழற்றிச் சுவரில் சாய்ந்தார். திடீரென்று அவருக்கு ஏதோ பொறி தட்டியது. "இது… இது சனிக்கிழமை நாடகம்! பேங்க் நாடகம்! அதைப் பார்த்துத்தானே இதெல்லாம்?"

"ஆமா தொர" என்றார்கள் எல்லாரும் பெருமையாக. "தேத்தண்ணி அக்கா சொன்ன வழி."

"யார்?"

"தேத்தண்ணி வண்டி தள்ளுவாளே, அவதான். ரூமுக்குள்ள படுத்துக்கிட்டே எல்லாத்தையும் நடத்துறாளே."

"எந்த ரூமுக்குள்?" சின்னத்துரை மறந்துபோய்த் திரும்பியே விட்டார், மறுபடி சுவருக்குத் திரும்பினார். "அந்தப் பெண் மூன்றாம் வாரமே செத்துப்போய்விட்டாளே! நான் ஒரு வாரமும் தவறாமல் பார்க்கிறேன்!"

அவர் சொன்னது சிங்களத்தில். மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாருக்கும் புரிந்தது.

பதின்மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. அம்மாவுடையதும். சுமன்கூடக் குடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தான். தொட்டில் துணிக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. எல்லாம் போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, என் பேரும் போச்சு —

"செத்துட்டாளா?" என்றார் மருதாயி அத்தை மெதுவாக. முந்தானையைச் சரிசெய்தார். உள்ளே இருந்தவன் ஒருவழியாகத் தூங்கியிருந்தான். "சரி. அவ செத்தா என்னா? நாங்க இருக்கோம்ல. தொர, எழுத்துல குடுங்க."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னத்துரையின் தோளும் குலுங்கியது. அவர் சிரித்தாரா அழுதாரா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

காகிதம் இல்லை. தொட்டில் பட்டியலின் பின்பக்கத்தில் நான்தான் சிங்களத்தில் எழுதினேன்: புது ஆயாவை நியமிக்கும்வரை மேல் பிரிவுப் பிள்ளைக் காம்பராவை மூடுவதில்லை, மரியம்மா தொடர்ந்து வேலை பார்ப்பார். சின்னத்துரை அடியில் ஒரு வரி சேர்த்தார். "அது என்னா?" என்றார் அத்தை. வாசித்தேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசித்தேன்: 'பெரியதுரையின் சம்மதத்துக்கு உட்பட்டது. இது நடக்க வேண்டும் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.'

அத்தை என் முகத்தையே பார்த்தார். "மெய்யாவே அப்படித்தான் போட்டிருக்கா?"

"மெய்யாவே, அத்தே."

கையெழுத்து. பதினொன்று ஐம்பது. தாய்மார் எழுந்து வழிவிட்டார்கள். சின்னத்துரை தொப்பியை மறந்துவிட்டுப் போனார், ஓடிப்போய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

அப்பாவிடம் நானே சொல்வதற்குள் மலை முழுக்கத் தெரிந்திருந்தது. "தொரையப் புடிச்சு வச்சீங்களாமே?" என்று கடுமையாகக் கேட்டவர், சட்டென்று விறகு அடுக்கப் போய்விட்டார். முதுகு சிரித்தது.

பீலியில் மருதாயி அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "மொகத்தோட போத்தினா என்னான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "எங்க மாமியாளப் போத்தினது நானு. நீ சொன்ன கத நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். மத்தவளுகளுக்கு நேத்துதான் தெரியும்."

கீழே பெரியதுரையிடமிருந்து பதில் இல்லை.

ஆகஸ்ட் 22, சனி

டிவி பார்த்ததால்தான் இந்தக் கலகம் என்று துரை பேசிவிடுவாரோ என்று நாகலிங்கம் மாமா பயந்து, டிவிக்கு வேட்டியைப் போர்த்தி, கதவையும் சாத்திவிட்டார். தாய்மார் பிள்ளைகளோடு போய் அவர் வாசலில் உட்கார்ந்தார்கள்.

ஏழு மணிக்கு முன்னமே திறந்துவிட்டார்.

எனக்கு முன்வரிசைதான். ஆனால் நிபந்தனை: படம் ஓடும்போது உள்ளதை உள்ளபடி, முடிந்த பிறகு தேத்தண்ணி அக்கா. உள்ளபடி கேட்டதும், "ச்சே, இவ்வளவுதானா?" என்றார்கள்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

இன்னும் பதில் இல்லை. சின்னத்துரையைக் கொழும்புக் கம்பெனி ஆபிசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், விசாரிக்க. அம்மா என் பள்ளிச் சட்டையைத் தோய்த்து மடித்துப் பெட்டியில் வைத்தார். அணிவதற்கா, எடுத்து வைப்பதற்கா?

ஆகஸ்ட் 31, திங்கள்

பெரட்டில் வாசித்தார்கள். மரியம்மாவுக்கு ஆறு மாதம் நீடிப்பு. அதற்குள் மேல் பிரிவுக்கு ஒரு புது ஆயா.

அம்மா பெட்டியைத் திறந்து சட்டையை வெளியே எடுத்துக் கொடியில் போட்டார்.

செப்டெம்பர் 5, சனி

கடைசி வாரம். டிவியில் இரண்டு திருடர்கள் செத்தார்கள், இரண்டு பேர் பிடிபட்டார்கள், மொட்டைத்தலைப் பொலிஸ்காரர் அழுதார். உள்ளபடி சொன்னேன். பிறகு லயத்து முடிவைச் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. அது இருபது பேருக்கு மனப்பாடம்.

செப்டெம்பர் 7, திங்கள்

பள்ளி தொடங்கியது. காலை ஆறேகாலுக்குச் சுமனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டேன். அவன் அழவில்லை. மரியம்மா ஆயாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான், அழுதது ஆயா.

பஸ் நிறுத்தத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சின்னத்துரை. கொழும்பில் நல்ல ஏச்சு வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்; கொஞ்சம் கறுத்திருந்தார். நான் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "குட் மோர்னிங், சேர்" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை நான் பார்க்க முடியவில்லை" என்றார்.

"நான் சொல்றேன், சேர். ரெண்டு திருடர் —"

"அது தெரியும், பேப்பரில் போட்டிருந்தார்கள்." தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "தேத்தண்ணி அக்கா வெளியே வந்தாளா?"

பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. ஒரு நிமிஷம்தான் இருந்தது.

"வந்துட்டாங்க, சேர். எல்லாருக்கும் கடைசியா, வண்டியத் தள்ளிக்கிட்டு."

அவர் தலையை ஆட்டினார். நான் பஸ்ஸில் ஏறினேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்.